சிரித்ததால் போன வேலை

காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் தோட்டத்துத் துரை வழுக்கி மழைநீர்க் கானுக்குள் விழுந்தபோது சிரித்தது நாங்கள் எல்லோரும்தான். வேலை போனது பாக்கியலெட்சுமிக்கு மட்டும். நாங்கள் வாயைப் பொத்திய பிறகும் அவளுக்குச் சிரிப்பை அடக்க வரவில்லை. துரை கானுக்குள் இருந்தபடியே, நாளையிலிருந்து இவள் வேலைக்கு வரக்கூடாது என்றார். கடிதம் கிடிதம் எதுவும் இல்லை.

மறுநாளும் கூடையோடு வந்து நின்றாள். மடுல்சீமையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள் விடிந்ததும் பெரட்டுக்கு வராமல் வேறெங்கே போவாள்? கங்காணி அவள் பெயரை மட்டும் தாண்டிக்கொண்டு மற்றவர்களைக் கூப்பிட்டார். நாங்கள் கொழுந்து மலைக்குப் போனோம், அவள் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டுக்குத் திரும்பினாள். மாதக்கணக்கில் தினமும் இதே கூத்துதான்.

பதுளையில் தொழில் நியாய சபைக்குப் போனோம். அவளுக்காக வாதாட வந்த விஜிதா யாழ்ப்பாணத்துக்காரர். கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நிப்பாட்டின பிறகும் ஏனம்மா ஒவ்வொரு நாளும் போனனீங்கள்?"

"போகலேன்னா லயத்துக் காம்பராவையும் புடுங்கிருவாங்களேங்க."

விஜிதா பயந்ததே நடந்தது. தோட்டத்து வழக்கறிஞர் எழுந்து, இந்தப் பெண்ணை யாரும் நீக்கவே இல்லை, தினமும் பெரட்டுக்கு வருகிறாரே என்றார். கூடையோடு அவள் நிற்பதைக் கைபேசியில் எடுத்த படம் வேறு காட்டினார்.

சபைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படியானால் இன்றைக்கும் இவர் உங்கள் தொழிலாளிதானா என்று கேட்டார். சந்தேகமே இல்லை என்றார் வழக்கறிஞர், பெருமையாக. அப்படியானால் நாளைக்கே வேலை கொடுங்கள், சும்மா நிற்க வைத்த காலத்துக்குச் சம்பளமும் கொடுங்கள் என்றார் தலைவர். நுணலும் தன் வாயால் கெடும். துரை தன் வழக்கறிஞரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நல்லவேளை, நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் கானைப் பலகை போட்டு மூடியிருந்தார்கள். கங்காணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டு வந்து, கடைசியில் பாக்கியலெட்சுமி என்றார்.

"இருக்கேங்க" என்றவள் அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க விம்மி அழத் தொடங்கினாள்.

துரை பதறிப்போனார். குனிந்து தன் காலடியைப் பார்த்தார். பிறகு, அவள் என்ன செய்கிறாள் என்று கங்காணியிடம் கேட்டார். அழுகிறாள் என்றார் கங்காணி.

துரைக்கு மூச்சு வந்தது.

"அழுறதுன்னா பரவாயில்ல. மலைக்கு அனுப்பு."