உப்பின் மேல் ஒரு பிறந்தவீடு

1

இந்தக் கதை ஒரு பஸ்சில் தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போடியிலிருந்து மலைமேல் மெட்டுக்கு ஏறுகிற பஸ்சில் எனக்கு முன் இருக்கையில் புதிதாகக் கல்யாணமான இருவர். வடக்கே உப்புப் பாலைவனத்துக்குச் சுற்றுலா போகப்போகிறார்கள். கூடாரத்தில் தங்குவதா, ஊருக்குள் ஓட்டலில் தங்குவதா என்று கைப்பேசியைப் பார்த்தபடி சண்டை. கூடாரம் என்றால் உப்புக்குப் பக்கத்திலேயே இருக்கலாம். ஓட்டல் என்றால் வெந்நீர் வரும். வளைவுக்கு வளைவு ஆள் மாறி ஜெயித்தார்கள். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு யோசித்தேன்: நூறு வருடத்துக்கு முன்னால் இந்த ஊர்ப் பெண் ஒருத்தி அங்கே போயிருந்தால்? எங்கே தங்குவது என்ற கேள்வி அவளுக்கும் வந்திருக்கும். அது வெந்நீர் விஷயமாக இருந்திருக்காது.

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் கற்பனை. முதல் படியைப் படித்த நண்பர் ஒருவர், "அந்தக் காலத்தில் போடிப் பக்கத்து ராசிங்காபுரத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண் அவ்வளவு தூரம் போயிருக்கவே மாட்டாள்" என்றார். போனாள். நான் எழுதுகிறேன், போனாள்.

2

தூக்கிப்போட்ட தொடக்கங்களையும் பார்த்துவிடுங்கள்.

வெள்ளை வெளேரென்று அடிவானம் வரைக்கும் உப்பு, நிலா வெளிச்சத்தில் பாலாகப் பெருகி—

(அடித்துவிட்டேன். அந்த இடத்தை நான் பார்த்ததில்லை. என் கதாநாயகியும் அதுவரை பார்த்ததில்லை. அவளுக்கு முன்னால் நான் ஓடிப்போய் வர்ணித்துக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை.)

1913ஆம் வருடம், தை மாதம், ராசிங்காபுரத்திலிருந்து ஒரு மாட்டுவண்டி அம்மையநாயக்கனூர் ரயிலடியை நோக்கி—

(மோசமில்லை. ஆனால் எதற்குப் போகிறது என்று தெரியாத வண்டியில் ஏற எனக்குப் பிடிக்காது.)

அதனால் கிட்டங்கியிலிருந்து தொடங்குகிறேன். போடியில், வடக்கேயிருந்து வந்த கான்ஜி சேட்டுக்கு ஏலக்காய்ச் சரக்கு அடுக்கும் கிட்டங்கி இருந்தது. மலையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் காயைக் காம்பு கிள்ளி, சலித்து, பெரிசு வேறு சிறுசு வேறாகப் பிரிப்பது பெண்களின் சோலி. மூக்கம்மாளும் அவள் தங்கை கருத்தம்மாவும் அங்கே வேலைக்குப் போய் வந்தார்கள். தாய் தகப்பன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் தங்கையை வளர்த்தது மூக்கம்மாள்தான். தனக்குக் கல்யாணம் ஆன பிறகும் கூடவே வைத்துக்கொண்டாள்.

அந்தக் கிட்டங்கிக்குச் சேட்டின் ஊர்ப்பக்கமிருந்து மூட்டை கட்ட வந்தவன் ஜீவா. அங்கே உப்புப் பாலைவனத்தில் உப்பு எடுக்கிற சனம். ஒருநாள் கருத்தம்மா அவனோடு போய்விட்டாள்.

(காதல் எப்படி வந்தது என்று ஒரு பத்தி எழுதச் சொன்னார்கள். அது கருத்தம்மாவின் சொந்த விஷயம்.)

சொந்தபந்தம் கூடிக் கொட்டகுடி ஆற்றுக்குப் போய், செத்தவளுக்குச் செய்வதுபோல, கருத்தம்மாவைத் தலைமுழுகியது. மூக்கம்மாளையும் கையைப் பிடித்து இறக்கி முழுக வைத்தார்கள். ஈரச்சேலையோடு அவள் வீடு வந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் அந்த வீட்டில் சொல்லவில்லை.

3

சில வருடங்கள் கழிந்து, ஊருக்குப் போய்த் திரும்பிய சேட்டு கிட்டங்கிக்குள் வந்தார். சல்லடையோடு உட்கார்ந்திருந்த மூக்கம்மாளிடம் தன் உடைந்த தமிழில் சொன்னார்:

"மூக்கம்மா, ஒன் தங்கச்சி பாத்தேன். உப்பு மேல குடிசை. முழுகாம இருக்கா."

(ஊர் தலைமுழுகியவள் முழுகாமல் இருக்கிறாள். இதை நான் ஜோடிக்கவில்லை. தமிழே கொண்டுவந்து கையில் கொடுத்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.)

அன்று சாயங்காலமே மூக்கம்மாள், புருஷன் சீனிச்சாமி வயலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கே போய்விட்டாள்.

சீனிச்சாமியை முதலில் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். முறுக்கு மீசை, கையில் சாட்டைக்கம்பு. இரண்டு பக்கம்கூட நிற்கவில்லை. அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். பங்காளிகள் ஒருநாள் தண்ணீர் விடவில்லை என்றால் பயிர் காய்ந்துபோகும் என்று தெரிந்தவன். அந்தப் பயத்தை நான் கேலி செய்யப்போவதில்லை.

"மொதப் பிரசவம்ங்க" என்றாள் மூக்கம்மாள். "பொறந்த வீட்டுக்குக் கூட்டியாந்து பாக்கணும்."

மண்வெட்டி நின்றது. "கூட்டியாந்தா ஊரு விடுமா?"

"விடாது. அவ இங்க வர முடியாது. அப்பப் பொறந்த வீடு அங்க போகட்டும்."

"வீடு எப்படி புள்ள போகும்?"

"நாந்தான் வீடு. அவளுக்கு வேற யாரு இருக்கா?"

சீனிச்சாமி மடையை அடைத்தான். பிறகு திறந்தான். பிறகு மறுபடியும் அடைத்தான். கடைசியில், "வடக்க கோயிலுக்குப் போறோம்னு சொல்லிக்கிருவோம்" என்றான்.

பயணத்தை எழுதப்போவதில்லை. பிள்ளைகளைச் சீனிச்சாமியின் அக்காவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ரயில், ரயில், இன்னும் ரயில். சேட்டின் கணக்கப்பிள்ளை கூடப் போனார், பாஷைக்கு. மூக்கம்மாள் மடியில் வைக்கோலில் பொதிந்த கண்ணாடி வளையல்கள். (செலவுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்காதீர்கள். ஏழைகள் நகர்ந்தால் உடனே கணக்குக் கேட்கிறோம். இந்தக் கதையில் அது கிடையாது.)

4

உப்பின் விளிம்பில் ஒரு சின்ன ஊர். அங்கே சேட்டின் தம்பிக்கு மாடி வீடு. இவர்களுக்கு மாடியில் ஓர் அறையைத் திறந்துவிட்டார்கள். கயிற்றுக்கட்டில், புது மெத்தை, பித்தளைக் குடத்தில் நல்ல தண்ணீர். தம்பியின் மனைவி தன் கையாலேயே ரொட்டியில் நெய் தடவிக் கொடுத்தாள். நல்ல மனிதர்கள். அதுதான் சிக்கல். கெட்டவர்கள் வீடாக இருந்தால் மூக்கம்மாள் சிரமமில்லாமல் எழுந்து போயிருப்பாள். நானும் இந்தப் பகுதியைச் சீக்கிரம் முடித்திருப்பேன்.

மத்தியானம் கணக்கப்பிள்ளை மாடிக்கு வந்து, "ஒன் தங்கச்சி வந்திருக்கு" என்றார்.

மூக்கம்மாள் படியில் ஓடினாள். முற்றத்தில் யாரும் இல்லை. கூடத்திலும் இல்லை. வெளிவாசலுக்கு அப்பால், தெருவில், வெயிலில் கருத்தம்மா நின்றிருந்தாள். நிறைமாத வயிறு. சேலை கட்டு மாறியிருந்தது. பாதம் வெடித்து, இடுக்குகளில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உள்ள வா ஆத்தா" என்றாள் மூக்கம்மாள்.

கருத்தம்மா அசையவில்லை. "நாங்க இதுக்கு மேல வரக் கூடாதுக்கா."

மூக்கம்மாள் திரும்பிப் பார்த்தாள். தம்பியின் மனைவி சங்கடத்தோடு ஏதோ சொன்னாள். கணக்கப்பிள்ளை தமிழில் சொன்னார்: "எத்தனை நாள் வேணாலும் தங்கச் சொல்றாங்க. தெனமும் தங்கச்சி வாசல் மட்டும் வரட்டுமாம். பாயி விரிச்சுத் தருவாங்களாம்."

சீனிச்சாமி அவசரமாக, "அதுவே சரி" என்றான். "அவ வந்து பாத்துட்டுப் போகட்டும். நாம மரியாதையா இங்க இருப்போம்."

"நெறமாச வயித்தோட தெனம் நடந்து வருவாளா?"

"வேற என்னதான் பண்ணச் சொல்றே? உப்பு சனத்து வீட்ல படுத்து எந்திரிச்சு வந்தா ஊர்ல நம்மளயும்ல தலைமுழுகிருவாக? நம்ம புள்ளைகளுக்கு நாளைக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

இங்கே மூக்கம்மாளை ஒரு பிரசங்கம் செய்ய வைக்கலாம் என்று இருந்தேன். நல்ல வாக்கியங்கள் கைவசம் இருந்தன. அவள் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. மாடிக்குப் போனாள், மூட்டையை எடுத்தாள், இறங்கினாள், நெய் தடவிக் கொடுத்தவளைப் பார்த்துக் கும்பிட்டாள். வாசலைத் தாண்டித் தங்கையின் கையைப் பிடித்தாள்.

"நட. ஒன் வீடு எங்கிட்டு இருக்கு?"

"வேணாங்க்கா. ஊர்ல ஒன்னயும்—"

"வீடு எங்கிட்டு இருக்குன்னு கேட்டேன்."

5

இப்போது உப்பு. மூக்கம்மாள் பார்க்கிறாள், அதனால் நானும் பார்க்கலாம்.

முதலில் வெள்ளையாக எதுவும் இல்லை. வெடித்த களிமண், பழுப்பு, மரம் என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. மலையைப் பார்த்தே வளர்ந்தவளுக்குக் கண்ணை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. மேற்கே திரும்பினால் மலை இருக்கும் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு பாத்திகள் வந்தன. கிணற்று உவர்நீரை இறைத்துக் கட்டியிருந்தார்கள். அதன் அடியில் உப்பு உறைந்துகொண்டிருந்தது. காலால் மிதித்துக் கிளறிக்கொண்டிருந்த ஜீவா, வருவது யார் என்று தெரிந்ததும் பாத்தியிலேயே நின்றுவிட்டான். அவனுக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் கிட்டங்கித் தமிழ். "வாங்க. ஒக்காருங்க. மூட்டை எறக்குங்க" என்றான்.

மூக்கம்மாள் சிரித்துவிட்டாள். அந்த ஊருக்கு வந்து முதல் சிரிப்பு.

குடிசை கோரைப்புல்லும் சாக்கும். ஜீவாவின் தாய் ஒட்டக வண்டியில் வந்த தண்ணீரிலிருந்து ஒரு செம்பு மொண்டு நீட்டினாள். அங்கே ஒரு செம்பு என்றால் என்ன என்று மூக்கம்மாளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாங்கினாள், அண்ணாந்து குடித்தாள், செம்பைக் கவிழ்த்துக் காட்டினாள். பிறகு வைக்கோலைப் பிரித்தாள். உடையாமல் மிஞ்சிய வளையல்களைத் தங்கையின் கையில் ஏற்றினாள்.

"தமிழ்ல பேசி எம்புட்டு நாளாச்சுக்கா" என்று கருத்தம்மா அழுதாள். "கோழி, ஆடுன்னு எனக்கு நானே சொல்லிப் பாத்துக்கிருவேன், மறந்துறக் கூடாதுன்னு."

"இனிமே என்கிட்டச் சொல்லு."

சீனிச்சாமி என்ன ஆனான்? மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் கோபித்துக்கொண்டு ரயிலேறுகிறான். இன்னொன்றில் மனம் மாறி ஓடிவந்து மைத்துனியின் காலில்— (சீ.) மூன்றாவதுதான் அவனுக்குப் பொருந்தியது. மாடி அறையில் சோறு இறங்காமல் இருந்து பார்த்துவிட்டு, தண்ணீர் கொண்டுவரும் ஒட்டக வண்டியிலேயே ஒருநாள் காலையில் வந்து இறங்கினான். கருத்தம்மா வைத்த கூழைக் குடித்தான். ஆனால் குடிசைக்குள் படுக்க மாட்டேன் என்று வெளியே பாயை விரித்தான்.

"ஊர்ல கேட்டா, அவ வீட்டுக்குள்ள படுக்கலன்னு சத்தியமாச் சொல்லலாம்ல" என்றான்.

"பனியில வெறச்சிறப் போறீக. சத்தியம் வந்து போத்தி விடுமா?"

"நீ ஒன் சோலியப் பாரு புள்ள."

அவள் தன் சோலியைப் பார்த்தாள். வலி கண்டபோது தங்கையின் முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். ஜீவாவின் தாய் பிள்ளையை வாங்கினாள். இரண்டு பெண்களுக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. கையைக் காட்டினார்கள், தலையை ஆட்டினார்கள், போதுமாக இருந்தது. பெண் குழந்தை. பேர் வைக்கச் சொன்னபோது மூக்கம்மாள் செத்துப்போன தன் தாயின் பேரைச் சொன்னாள்: ஒச்சம்மாள். ஜீவாவின் தாய் வாயில் அது "ஓச்சா" என்று வந்தது. வெளியே உப்பின்மேல் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்த சீனிச்சாமி, அழுகுரல் கேட்டு நின்று, தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

(துடைத்தது வியர்வை என்று எழுதச் சொன்னான். எழுதிவிட்டேன்.)

6

திரும்பி வந்தார்கள். சத்திரத்தில் தங்கினோம் என்று சொல்வதாக வழியெல்லாம் சீனிச்சாமி ஒத்திகை பார்த்தான். மூக்கம்மாள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சித்திரையில் சீனிச்சாமியின் அக்கா ஜக்கம்மாள் வீட்டில் காதுகுத்து. ஊரே வந்திருந்தது. பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தபோது ஜக்கம்மாள் பிரியமாகத்தான் கேட்டாள்:

"கோயிலுக்குப் போன கதையச் சொல்லவே இல்லையே மூக்கா? அம்புட்டுத் தூரத்துல எங்க தங்குனீக?"

"சத்திரத்துலக்கா" என்றான் சீனிச்சாமி, உடனே.

யாரும் சந்தேகப்படவில்லை. கதை இங்கேயே நல்லபடியாக முடிந்துவிடும். ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். அவள் சும்மா இருந்தால் போதும். நண்பரும் இதைத்தான் சொன்னார்: "விடு, அவளும் பிழைத்துப்போகட்டும், நீயும் பிழைத்துப்போ."

"சத்திரம் இல்ல மதினி" என்றாள் மூக்கம்மாள். "எந் தங்கச்சி வீட்ல."

ஜக்கம்மாள் இலையைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தாள். "எந்தத் தங்கச்சி?"

"எனக்கு ஒருத்திதான்."

"அவளத்தான் அன்னைக்கே தலைமுழுகிட்டமே!"

"முழுகுன தலை அன்னைக்கே காஞ்சுபோச்சு மதினி. அவளுக்குப் பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. எங்க ஆத்தா பேர வச்சிருக்கோம். அவ வீட்ல தண்ணி குடிச்சேன், சோறு தின்னேன், அவ பக்கத்துலயே படுத்தேன்."

எல்லோரும் சீனிச்சாமியைப் பார்த்தார்கள். வெளியே படுத்த சத்தியம் அவன் நாக்கில் தயாராக இருந்தது. அதை எழுதப் பேனாவைத் திறந்தேன். அவன், "ஆமா. அங்கதான் இருந்தோம்" என்றான். பேனாவை மூடிவிட்டேன்.

மூக்கம்மாள் நேராகப் பந்திக்குப் போய் ஒரு காலி இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

7

இதற்குப் பிறகு மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஜக்கம்மாள் வந்து அந்த இலையை எடுத்துவிட—

ஜக்கம்மாள் வந்து, கண்கலங்கி, தன் கையாலேயே பரிமாற—

பந்தி முழுவதும் எழுந்துபோய், மூக்கம்மாளும் சீனிச்சாமியும் மட்டும்—

மூன்றையும் அடித்துவிட்டேன். இதில் எதையாவது ஒன்றை நான் எழுதினால், நீங்கள் ஊரைத் திட்டிவிட்டோ மெச்சிவிட்டோ புத்தகத்தை மூடிவிட்டுப் படுக்கப் போவீர்கள். அதற்கு நான் உடன்பட மாட்டேன்.

மூக்கம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்துவிட்டாள். அவளுக்கு இடப்பக்கம் நான் உட்கார்ந்துவிட்டேன். வலப்பக்கத்து இலை உங்களுக்குப் போட்டது. சோற்று வாளி வந்துகொண்டிருக்கிறது. எழுந்துபோவதானால் இப்போதே எழுந்துபோங்கள். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள்.