பதினொரு மணி ஒத்திகை

சங்கு சாரைத் தெரியாத தொழிற்சாலை குறைவு. தீ, வெள்ளம், நிலநடுக்கம் எது வந்தாலும் என்ன செய்யவேண்டும் என்று பதினெட்டு வருடமாக வாய் கிழியப் பேசி வருகிறவர். வகுப்பின் நடுவே அபாயச் சங்கு மாதிரியே ஊதிக் காட்டுவார். அதனால் வந்த பட்டப்பெயர். வீட்டில் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறாள், காரணம் வேறு.

அன்று ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியின் மாடி ஹாலில் வகுப்பு. நாற்பது பேர். "மணி அடிச்சா யோசிக்காதீங்க. எழுந்து கிளம்புங்க. ஏன், எதுக்குன்னு கீழ போய்க் கேட்டுக்கலாம்." இதை எல்லோரையும் மூன்று தரம் சொல்ல வைத்தார். பதினொரு மணிக்கு ஒத்திகை மணி அடிக்கும்படி வாட்ச்மேனிடம் ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தார். அந்த ரகசியத்தில் அவருக்கு ஒரு சின்னப் பெருமை.

பத்து நாற்பதுக்கே மணி அடித்தது.

கடைசி வரிசையில் இருந்த துப்புரவு அக்கா சட்டென்று எழுந்தார். பையைக்கூட எடுக்கவில்லை, எடுக்கக்கூடாது என்று சொன்னதே சங்கு சார்தான். மற்றவர்களும் பாதி எழுந்துவிட்டார்கள். சங்கு சாருக்கோ பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளத்தில் கட்டிலோடு மிதந்துபோன ஆளின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சிரிக்கும் இடம் இன்னும் வரவில்லை.

"எங்கக்கா ஓடறீங்க? ஒத்திகை பதினொண்ணுக்குத்தான். வாட்ச்மேனுக்கு அவசரம். உக்காருங்க, நான் சொல்லும்போது எழுந்திரிச்சா போதும்."

ஹாலே சிரித்தது. அக்கா கூனிக் குறுகி உட்கார்ந்தார். கதை முடிந்தது, எதிர்பார்த்த சிரிப்பும் வந்தது. மணி மட்டும் நின்றபாடில்லை. நாலு நிமிடம் கழித்துக் கதவுக்கு அடியில் புகை நுழைந்தபோதுதான் அவர் வாய் நின்றது.

கீழே கிடங்கில் அட்டை பற்றி எரிந்திருக்கிறது. எல்லோரும் உயிரோடு இறங்கிவிட்டார்கள். ஆனால் அதற்குள் படிக்கட்டு முழுக்கப் புகை. கதவு ஹாலின் முன்பக்கம் இருந்ததால், முதலில் எழுந்த அக்காதான் கடைசியாக வெளியே வந்தார், நெஞ்சு கிழிய இருமிக்கொண்டு.

வாசலில் எல்லோரையும் தரையில் உட்காரவைத்துத் தலையெண்ணிய மேனேஜர், சங்கு சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்குன்னு பார்த்து நீங்க இருந்தீங்க. இல்லேன்னா எங்க கதி?" ஒலிபெருக்கியைக் கையில் திணித்தார். கைதட்டல் எழுந்தது.

உண்மையைச் சொன்னால் இத்தனை வருடத்துப் பெயர் அன்றோடு போச்சு. இனி எந்தக் கம்பெனி கூப்பிடும்? "என் கடமைதானே" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன நொடியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

சுவரோரம் அக்கா மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தார்.

"சார், நான் உக்காரலாமா?"

அதில் குத்தல் துளியும் இல்லை. நிஜமாகவே கேட்டார். சார் சொல்லும்போது எழுவதும் உட்காருவதும்தான் பாடம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. சங்கு சாருக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனார். பொத்தானை அழுத்தினார்.

"மணி அடிச்சதும் முதல்ல எழுந்தவங்க இந்த அக்கா. அவங்களை உக்காரவெச்சது நான். நீங்க கிளம்பாம சிரிச்சிட்டு இருந்ததுக்கும் நான்தான் காரணம். நாலு நிமிஷம். என் கதை பாதில நிக்கக்கூடாதுன்னு."

மேனேஜர் தரையைப் பார்த்தார். சங்கு சார் அக்காவின் தோளைத் தாங்கி மெல்ல உட்காரவைத்தார். மன்னிப்புக் கேட்கத்தான் குனிந்தார்.

அதற்குள் அக்காவே இருமலுக்கு நடுவே அவரைத் தேற்றினார். "விடுங்க சார். அந்தக் கட்டில் கதை நல்லாத்தான் இருந்துச்சு. நானும் சிரிச்சேன்."

ஒலிபெருக்கியின் பொத்தானிலிருந்து அவர் விரல் இன்னும் விலகவில்லை. அக்கா சொன்னது நாற்பது பேருக்கும் கேட்டது.