மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது

எனக்குக் கருத்து கிடையாது. கருத்து இருந்தால் விரல் தடுமாறும். இருபத்திரண்டு வருடமாக விசாரணைக் குழுக்களில் தட்டச்சராக இருக்கிறேன். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடி அடித்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியிலேயே மறந்துவிடுவேன். ஆனால் இந்தப் பலதார மண மசோதா வந்ததிலிருந்து, இரண்டு வாரமாக அந்த நாலாவது மாடிக் கூடத்தில் உட்கார்ந்து எனக்குக் காது புளித்துப் போயிருந்தது.

ஒருவன் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களை மணக்கலாமா என்பதுதான் கேள்வி. மணக்கலாம், முதல் மனைவி எழுத்துமூலம் சம்மதித்தால் போதும் என்கிறது மசோதா. ஏற்கெனவே சேர்ந்து வாழ்கிறவர்களும் அப்படி ஒரு தாளைக் காட்டிப் பதிவு செய்துகொள்ளலாம். இதைப் பற்றி மக்கள் வந்து குழுவிடம் பேசுவார்கள். அவர்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஒன்பதாம் எண், கோட்டுப் போட்ட ஒருவர், "சம்மதத்தோட செஞ்சா அதுல என்ன சார் தப்பு?" என்று பதினோரு முறை கேட்டார். பதினொன்றையும் அடித்தேன். பதினாறாம் எண் தையல் வேலை செய்யும் ஓர் அம்மாள். "சம்மதம்னா என்னங்கய்யா? போக்கிடம் இருக்கறவதான் வேணாம்னு சொல்ல முடியும். எனக்கு இல்ல, தலையாட்டினேன். அதையும் சம்மதம்னுதானே எழுதிக்குவீங்க?" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

என் கணவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். வாரத்தில் மூன்று நாள் வெளியூர் வேலை. விளையாட்டுப் பக்கத்தைத் தவிர வேறெதையும் படிக்காத மனிதர், இரண்டு வாரமாக என்னிடம் தினமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னிக்கு என்ன சொன்னாங்க? சட்டம் வந்துடுமா?"

"ஒருத்தியையே சமாளிக்க முடியல, உங்களுக்கு எதுக்குங்க அந்தக் கவலை?" என்பேன். அவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது உடம்பெல்லாம் எரிகிறது.

அன்று பதினேழாம் எண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட பருத்திப் புடவை, தோளில் பெரிய பை. மருந்துக் கடையில் வேலை என்றாள். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள்.

"எனக்குச் சட்டம் வேணுங்க" என்று ஆரம்பித்தாள். "பத்து வருஷமா ஒருத்தரோட குடும்பம் நடத்தறேன். ஒரு பையன் இருக்கான். அவர் லிஃப்ட் ரிப்பேர் வேலை பாக்கறார். போன வருஷம் கை முறிஞ்சு ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. ஓடிப் போனேன். நீங்க யாருன்னு கேட்டாங்க. என்ன சொல்றது? தெரிஞ்சவங்கன்னு சொன்னேன். உள்ள சொந்தக்காரங்க இருக்காங்க, கூட்டம் போடாதீங்கன்னு அனுப்பிட்டாங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுக்கிட்டே போனேன்."

அடித்துக்கொண்டிருந்தேன். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர். அவர்களில் கை முறிந்தவர்களும் இருப்பார்கள். என் கணவருக்கும் போன வருடம் முறிந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டேன். அப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டே அடித்ததில் 'ஆஸ்பத்திரி'யை இரண்டு முறை தப்பாக அடித்தேன்.

"முதல் மனைவி?" என்றார் குழுத் தலைவர்.

"அவங்க பாவங்க. படுத்த படுக்கையா இருக்காங்க. ஆனா தங்கமான மனசு. எங்களை முழு மனசோட ஏத்துக்கிட்டாங்க."

'முதல் மனைவி உடல்நலமின்றிப் படுக்கையில் இருக்கிறார்' என்று அடித்ததும் எனக்கு மூச்சு வந்தது. நான் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறேனே, அப்புறம் என்ன!

"சம்மதத்துக்கு ஆதாரம் ஏதாவது இருக்காம்மா?"

"இருக்குங்க" என்று பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். அதற்குள் மடிப்பு நைந்த ஒரு தாள். தலைவர் படித்துப் பார்த்துத் தலையாட்டினார். பிற்சேர்க்கையாக ஒரு நகல் அடிக்கச் சொல்லி என் மேசைக்கு அனுப்பினார்.

*தங்கச்சிக்கு, ஆள் இல்லையே என்று அழாதே. நான் இருக்கிறேன். இந்தச் சட்டை என் மகள் போட்டு வளர்ந்தது. உன் பிள்ளைக்கு நல்லபடியாக இருக்கட்டும். எது வேண்டுமானாலும் அவரிடம் சொல்லி அனுப்பு, கூச்சப்படாதே. இனி நீயும் எங்கள் வீட்டுப் பெண்தான். அக்கா.*

என் கையெழுத்து. ஒன்பது வருடத்துக்கு முன் எழுதியது. கூட வேலை செய்கிறவரின் மனைவி, பிள்ளை பெற்றிருக்கிறாள், பார்த்துக்கொள்ள நாதியில்லை என்று என் கணவர் சொன்னார். பரண் பெட்டியைக் கிளறி மஞ்சள் கம்பளிச் சட்டையைத் தேடி எடுத்துத் துவைத்துக் காயவைத்து, கூடவே இந்தக் கடிதத்தையும் வைத்துக் கொடுத்தேன். முகம் தெரியாத பெண்ணைத் தங்கச்சி என்றுதானே எழுதுவோம்? அந்த ஒரு வார்த்தையை வைத்து ஒரு மனிதர் இரண்டு வீட்டையும் ஒப்பேற்றியிருக்கிறார்.

அடித்தேன். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை, அதுதான் ஆச்சரியம். எனக்குள் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது: இந்த மசோதா சட்டமானால், பிள்ளைச் சட்டையோடு நான் அனுப்பிய தாள் என் சம்மதப் பத்திரமாகிவிடும். ஆதாரத்தைத் தயாரித்தவளும் நான், நகல் எடுக்கிறவளும் நான்.

சாப்பாட்டு இடைவேளையில் சாட்சியும் தட்டச்சரும் பக்கத்து அறையில் உட்கார வேண்டும். அடித்ததைச் சாட்சிக்குப் படித்துக் காட்டி, திருத்தம் இருந்தால் திருத்தி, கையெழுத்து வாங்க வேண்டும். சாட்சி பேசியதால் எல்லாமே 'நான்' என்றுதான் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக யார் யாருடைய 'நான்'களையோ படித்திருக்கிறேன். பாதியில் நிறுத்தியதில்லை.

"நான் பத்து வருடமாக அவருடன் குடும்பம் நடத்துகிறேன்" என்று படித்தேன். "எனக்கு ஒரு மகன் இருக்கிறான். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவருடைய முதல் மனைவி முழு மனதோடு..."

அதற்கு மேல் வரவில்லை.

"தண்ணி குடிங்க மேடம்" என்று தன் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. பத்து வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தப் படுத்த படுக்கையைப் போய்ப் பார்க்கலாம் என்று உனக்குத் தோன்றவில்லையா? ஆனால் நானும்தான் ஒன்பது வருடமாக, அந்தப் பிள்ளைக்காரி எப்படி இருக்கிறாள் என்று அவரிடம் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. மிச்சத்தையும் படித்து முடித்தேன்.

நகலின் அடியில் 'மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. சரியாக உள்ளது' என்று கையால் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. நான் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டேன், சின்ன வட்டம் போடுவேன். பள்ளிக்கூடத்தில் இதற்காக அடிகூட வாங்கியிருக்கிறேன், பழக்கம் போகவில்லை. அந்த வரியில் எத்தனை மெய்யெழுத்து! வேறு யாரையாவது எழுதச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நிதானமாக, ஒவ்வொரு வட்டமாகப் போட்டு எழுதி, நகலையும் கடிதத்தையும் சேர்த்து அவள் முன்னால் நகர்த்தினேன்.

அவள் கையெழுத்திடக் குனிந்தவள் பேனாவை நிறுத்தினாள். ஒன்பது வருடமாக எடுத்து எடுத்துப் படித்த கையெழுத்து. நகலைப் பார்த்தாள், கடிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அக்கா..." என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"நீங்க படுத்த படுக்கையா இருக்கறதா சொன்னாரே?"

"ஞாயித்துக்கிழமைகூட எனக்குப் படுக்க நேரம் கிடைக்கறதில்ல."

"அப்ப, சம்மதம்?"

"என்னை யாரும் கேக்கவே இல்லம்மா. கூட வேலை செய்யறவரோட பொண்டாட்டின்னு சொன்னார். பிரசவத்துக்கு ஆள் இல்லன்னார்."

"ஆள் இல்லாமத்தான் இருந்தேன்" என்றாள். "அந்தச் சட்டையை அவன் ரெண்டு வயசு வரைக்கும் போட்டான். கை பத்தாமப் போனப்பறமும் கழட்ட விட மாட்டான்."

கதவுக்கு வெளியே யாரோ டீ சொல்லும் சத்தம் கேட்டது. அவள் பேனாவை மூடினாள், திறந்தாள்.

"நான் இங்க வந்தது அவருக்குத் தெரியாதுக்கா. அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்காதேன்னார். கூச்சப்படறார்னு நெனச்சேன்." கடிதத்தைத் தொட்டு, "இந்தத் தாளை விட்டா எனக்கும் பையனுக்கும் வேற பிடிப்பு எதுவும் இல்ல" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. சட்டம் வந்தால் அந்தத் தாள் அவளை ஆஸ்பத்திரிக்குள்ளே விடும். அதைக் கிழித்துப் போட என் கை துறுதுறுத்தது. அவள் 'சரி' என்று கையெழுத்துப் போட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? சத்தியமாகத் தெரியவில்லை.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். முதல் தடவையாக நாற்காலியில் முழுக்க உட்கார்ந்தாள்.

"திருத்தம் இருக்கு" என்றாள். "'முழு மனதோடு ஏற்றுக்கொண்டார்'னு இருக்கறதை எடுத்துடுங்க. 'அவங்களைக் கேக்கவே இல்ல'ன்னு போடுங்க. 'படுக்கையில இருக்கார்'ங்கறதையும் எடுத்துடுங்க. 'சட்டம் வேணும்'னு சொன்னது..." அந்த வரியின்மேல் விரலை வைத்தாள். "அது இருக்கட்டும். எனக்கு வேணும்தான். ஆனா இப்படி இல்ல. அதையும் சேர்த்துப் போடுங்க."

சொன்னது சொன்னபடி போட்டேன். திருத்தத்துக்குப் பக்கத்தில் ஓரத்தில் சாட்சியும் தட்டச்சரும் அடுத்தடுத்துக் கையெழுத்திட வேண்டும். அவள் இட்டாள். அதை ஒட்டி நான் இட்டேன்.

கடிதத்தை உறையில் போட்டு என் பக்கம் தள்ளினாள். "இது உங்களோடது."

"உனக்கு எழுதினதுதான். நீயே வெச்சுக்க" என்றேன். அன்பால் சொல்லவில்லை. அதை எங்கள் வீட்டுக்குள் கொண்டுபோக என்னால் முடியாது.

அப்போது மேசைமேல் இருந்த என் போன் அதிர்ந்தது. திரை இருவருக்கும் நடுவில் வெளிச்சமாக இருந்தது. *இன்னிக்கு என்ன சொன்னாங்க? சட்டம் வந்துடுமா?*

அவளும் படித்தாள்.

"பதில் போடலையாக்கா?"

அச்சிட்ட தாள்களை அடுக்கி, இன்னொரு பிரதி எடுத்து, மடித்துக் கைப்பையில் வைத்தேன். விதிப்படி ஒரு தாள்கூட வெளியே போகக் கூடாது. இருபத்திரண்டு வருடத்தில் நான் மீறிய முதல் விதி அதுதான்.

"வீட்டுக்குப் போய் நேர்லயே படிச்சுக் காட்டறேன்" என்றேன். "திருத்தம் ஏதாவது இருந்தா அவர் சொல்லட்டும்."