வடக்குக் குழாயில் பன்னிரண்டு வீடுகள்

வாரத்தில் இரண்டு நாள் காலை ஏழு மணிக்கு ஓர்டெல் தன் ஊரின் சாக்கடையை, வடக்குக் குழாய்க்கு ஒன்று, தெற்குக் குழாய்க்கு ஒன்று என்று இரண்டு புட்டிகளில் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைப்பார். அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆயிரத்து நூறு பேர் வாழும் அந்த ஊரின் கழிவுநீர் நிலையத்துக்கு அதிகாரி, எழுத்தர், கூலியாள் எல்லாம் அவர் ஒருவர்தான். அந்தத் தண்ணீரில் கொரோனா இருக்கிறதா, எந்த வகை என்று ஆய்வகத்தார் பார்த்துச் சொல்வார்கள்.

"யாரு ராத்திரி என்ன சாப்பிட்டாங்கன்னுகூட உனக்குத் தெரியுமாமே?" என்று உணவகத்தில் கிண்டலடிப்பார்கள்.

"தெரியும். சொல்ல மாட்டேன்" என்பார் ஓர்டெல்.

டிசம்பர் முதல் வியாழக்கிழமை காலை, மாவட்டச் சுகாதாரச் செவிலி கெய்லீன் போனில் அழைத்தாள்.

"அந்தப் புது வகை நம்ம ஊருக்கு வந்துடுச்சு. வடக்குக் குழாய்ல."

"தெற்குல?"

"ஒண்ணுமில்ல."

வடக்குக் குழாயில் மொத்தமே பன்னிரண்டு வீடுகளும் லூத்தரன் தேவாலயமும்தான். ஓர்டெல் மனதுக்குள் வீடு வீடாக ஏறி இறங்கினார். சிகாகோவில் படிக்கும் லிண்டால் வீட்டுப் பெண் போன வாரம்தான் வந்திருந்தாள். அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

"சனிக்கிழமை தேவாலயத்துல மீன் விருந்து இருக்கே" என்றார்.

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். ஜன்னல் இல்லாத கீழ்த்தளத்துல முந்நூறு பேரு."

"முகக்கவசம் போட்டுக்குவாங்க."

"அப்புறம் மீனை எது வழியா சாப்பிடுவாங்க?"

ஓர்டெலுக்கு அது வெறும் மீன் விருந்தாக இருந்திருந்தால் அப்போதே விட்டுக்கொடுத்திருப்பார். முப்பத்தொரு வருடம் அந்த விருந்தில் மேசை மேசையாகப் போய் மீன்மேல் உருக்கிய வெண்ணெயை ஊற்றியவள் அவர் மனைவி வெர்னா. போன வருடம் நவம்பரில் இந்த நோயிலேயே போய்விட்டாள். அந்த ஊரில் யாரை அடக்கம் செய்தாலும், பிறகு எல்லோரும் தேவாலயக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து ஹாம் சாண்ட்விச் தின்று, காப்பி குடித்து, போனவரைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை பேசிவிட்டுத்தான் கலைவார்கள். கூட்டம் கூடத் தடை இருந்ததால் வெர்னாவுக்கு அது வாய்க்கவில்லை. பத்துப் பேர், பனியில், இருபது நிமிடம். அவ்வளவுதான். இந்த வருடம் அவளுடைய வெண்ணெய்க் குவளையை ஓர்டெலே எடுத்துப் போகட்டும் என்று தேவாலயச் சமையலறையை ஆளும் லவோன் சொல்லியிருந்தாள். மூன்று வாரமாக வீட்டில் தண்ணீரை ஊற்றி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள் குடு. வடக்குத் தெருவுல எல்லாரையும் டெஸ்ட் எடுக்க வைக்கிறேன்" என்றார்.

"சரி. ஆனா ஒருத்தருக்கு இருந்தாலும் யாரையும் உள்ள உட்கார விடமாட்டேன்."

அவள் கொடுத்த பரிசோதனைப் பெட்டிகளை அன்றே கதவு கதவாக மாட்டினார். கிருமியே வந்தாலும் கதவைத் தட்டித் தொந்தரவு செய்யாத ஊர் அது. வெள்ளி மதியத்துக்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 'இல்லை' என்று செய்தி வந்தது. லிண்டால் வீட்டுப் பெண்ணுக்கும் இல்லை. ஓர்டெல் சீட்டியடித்துக்கொண்டே குவளையோடு தேவாலயத்துக்குப் போனார்.

சமையலறையில் லவோன் வெளிக்கதவைத் திறந்து போட்டிருந்தாள். பனிக்காற்று உள்ளே வீசியது. சலவைச் சோடாக் காரத்தில் ஊறவைத்துக் கழுவிய காட் மீன் கருவாட்டை, நாளைக்கு எப்படி வரும் என்று பார்க்க, அவள் கணவன் டுவைன் ஒரு பானை மட்டும் வேகவைத்துக்கொண்டிருந்தார். எல்லோர் முகத்திலும் கவசம்.

ஓர்டெல் பானையை எட்டிப் பார்த்தார். "இந்த வருஷ மீன் நல்ல மீன். நாத்தமே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள்.

"சாக்கடைக்காரன் மூக்குடா அது. அதுக்கு எல்லாம் ரோஜாப்பூதான்" என்றார் டுவைன்.

"முப்பது வருஷமா உன் சாக்ஸைத் துவைக்கிறேன். எனக்கே இந்த நாத்தத்துல கண்ணு எரியுது" என்றாள் லவோன்.

ஓர்டெலும் சிரித்தார். பாதியிலேயே சிரிப்பு நின்றது. குவளையை மேசைமேல் வைத்துவிட்டு, வண்டியில் ஏதோ மறந்துவிட்டதாகச் சொல்லி வெளியே வந்தார்.

வண்டியில் காப்பிக் குடுவையைத் திறந்து முகர்ந்தார். ஒன்றுமில்லை. கொக்கியை எடுத்துக்கொண்டு தேவாலய முற்றத்துப் பாதாளச் சாக்கடையின் மூடியைத் தூக்கி, மண்டியிட்டுக் குனிந்தார். நாற்பது வருடமாக அவர் மூக்கு மரத்துப்போனதே இல்லை. எந்தக் குழாயில் எண்ணெய் அடைத்திருக்கிறது என்று மூடியைத் திறந்ததும் சொல்லிவிடுவார். இப்போது மூக்கில் குளிர்தான் ஏறியது.

சொல்லாமல் இருந்துவிடலாம். ஒரே ஒரு நாள்தான். அவர் மூக்கைப் பற்றி யாரும் சந்தேகப்படப் போவதில்லை. இப்போதுதான் ஊரே சிரித்தது. ஆனால் வெர்னாவுக்கும் யாரோ ஒருவர், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், கையில் ஏதோ பாத்திரத்தோடு பக்கத்தில் வந்து நின்றுதானே நோயைக் கொடுத்திருப்பார்.

மண்டியிட்டபடியே கெய்லீனை அழைத்தார்.

"வடக்குத் தெருவுல எத்தனை வீடு?"

"பன்னிரண்டு."

"நான் மாட்டுனது பதினொண்ணு."

"ஓர்டெல், உங்க வீட்டை நீங்க எண்ணவே இல்லையா?"

"அங்க யாரும் இருக்கற மாதிரியே எனக்குத் தோணல."

கெய்லீன் கால் மணி நேரத்தில் வந்தாள். வண்டியின் ஜன்னல் வழியாக அவர் மூக்கில் குச்சியை விட்டாள். இரண்டு கோடு. சமையலறைக்காரர்கள் அன்றும் மறுநாள் காலையும் சோதித்துக்கொண்டார்கள், யாருக்கும் இல்லை. விருந்து நிற்கவில்லை, கீழ்த்தளத்திலிருந்து தெருவுக்கு ஏறியது. யாரும் காரைவிட்டு இறங்க வேண்டாம். சாப்பாடு பெட்டியில் ஜன்னலுக்கு வரும். லவோன் குவளையைக் கொதிநீரில் மூன்று முறை கழுவிக் கெய்லீன் கையில் கொடுத்தாள்.

சனி மதியம் கார் வரிசை தேவாலயத்தைத் தாண்டி, மூலை திரும்பி, வடக்குத் தெருவில் ஓர்டெல் வீட்டு முன்னால் வந்து நின்றது. அவர் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு ஜன்னலில் நின்றார். ஒவ்வொரு காரிலும் ஸ்டியரிங் மேலிருந்து ஒரு விரல் உயர்ந்தது; அந்தப் பக்கத்தில் அதுதான் பெரிய வணக்கம். சிலர் ஜன்னலை இறக்கி, "வெர்னாவோட குவளையிலதான் ஊத்தறாங்களாம்" என்று கத்தினார்கள். அன்றைக்கு அவள் அடக்கத்துக்கு வர முடியாதவர்கள் எல்லாம் வந்துகொண்டே இருந்தார்கள். இரண்டு மணி நேரம் கையை ஆட்டி ஆட்டி அவர் தோள் வலித்தது.

கடைசியாக டுவைன் வாசற்படியில் ஒரு பெட்டியை வைத்துவிட்டு, காருக்குள் போய் உட்கார்ந்து போனில் அழைத்தார்.

"கெய்லீன் என் கார் கதவெல்லாம் வெண்ணெய் ஊத்திட்டா. மீன் எப்படிடா இருக்கு?"

ஓர்டெல் ஒரு வாய் மென்றார். ருசியும் இல்லை, வாசமும் இல்லை.

"மோசமில்ல" என்றார்.

"வெண்ணெய் போதுமான்னு லவோன் கேக்கறா."

ஓர்டெல் பெட்டிக்குள் பார்த்தார். மீன் எங்கே இருக்கிறது என்றே தெரியாத அளவுக்கு ஊற்றியிருந்தார்கள். வெர்னா அவருக்கு மட்டும் ஊற்றும் அளவு அது.

"சரியா இருக்குன்னு சொல்லு" என்றார்.