பச்சை இறங்கிய கை

கலையரசியின் வலது மணிக்கட்டில் பச்சை பிடித்த அன்றைக்கு அவளைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். புருஷன் மகாராஜா அவள் கையைப் பிடித்து டியூப்லைட் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். செப்புக் காப்பைக் கொஞ்சம் மேலே தள்ளி, அடியில் வளையமாகப் படிந்திருந்த பச்சையைப் பார்த்துப் பூரித்துப் போனான். வாதநீர் இறங்குகிறதாம். உள்ளே கிடக்கிற கெட்டதையெல்லாம் செம்பு உறிஞ்சித் தோல் வழியாக வெளியே தள்ளுகிறதாம். சோப்புப் போட்டுத் தேய்த்துவிடாதே, இறங்குகிற மட்டும் இறங்கட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

செப்புக் குடத்தில் தண்ணீர் நின்றாலும்தான் பச்சை பிடிக்கிறது. குடத்துக்கு என்ன மூட்டுவலியா வந்திருக்கிறது? இதைக் கேட்க அந்த வீட்டில் ஆளில்லை. இத்தனைக்கும் மகாராஜா டவுனில் பாத்திரக்கடையில் வேலை பார்க்கிறவன். கடையில் செப்புச் சாமான் பச்சை பிடித்தால் புளியைப் போட்டுத் துலக்கி வைக்கிறவனே அவன்தான். குடத்தில் பிடித்தால் அழுக்கு, பொண்டாட்டி கையில் பிடித்தால் வைத்தியம்!

ஆனாலும் நல்ல மனுஷன், சும்மா சொல்லக்கூடாது. குடி கிடையாது, வெற்றிலை கிடையாது. கடையில் எத்தனையோ காப்பு தொங்க, அதில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, லீவு போட்டுப் பாபநாசம் போய், படித்துறையில் முக்கி எடுத்து, சாமி காலடியில் வைத்து வாங்கிக்கொண்டு, வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டே தச்சநல்லூர் வந்து சேர்ந்தான். சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்து கிடக்க, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே வைத்து அவள் கையில் மாட்டிவிட்டான். அப்படி மாட்டியவனிடம் இது எனக்கு வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வாள்?

கலையரசி பீடி சுற்றுகிறவள். இலை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, இருபது வருஷமாக அந்த விரல்கள்தாம் குடும்பத்துக்குப் பாதிச் சோறு போட்டன. போன வருஷம் விரல் முட்டிகள் ஒவ்வொன்றாக வீங்கின. காலையில் எழுந்தால் கை கட்டை மாதிரிக் கிடக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து முடக்குவாதம் என்றார்கள். டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னாள். மாத்திரையை விடக்கூடாது, விட்டால் விரல் வளைய ஆரம்பிக்கும், வளைந்த விரல் மறுபடி நிமிராது என்றாள்.

மாத்திரை வயிற்றைப் புரட்டியது. சோற்றைக் கண்டாலே குமட்டல். ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றால் அன்றைக்குப் பீடி இல்லை. காப்பு வந்த பிறகு மகாராஜா ஒரு யோசனை சொன்னான். மாத்திரை உடம்புக்குச் சூடு, அதையும் தின்றுகொண்டிருந்தால் செம்பு எப்படி வேலை செய்யும் என்றான். அவளும் அலுத்துப் போயிருந்தாள். கொஞ்ச நாள் விட்டுத்தான் பார்ப்போமே என்று விட்டுவிட்டாள். பழியை முழுக்க அவன் தலையில் கட்டிவிட முடியாது.

தினமும் கடை அடைத்து வந்து சைக்கிளை நிறுத்தும்போதே கேட்பான், “குறஞ்சிருக்கா?” என்று. முகத்தில் அப்படி ஓர் ஆசை இருக்கும். முதல் நாள் அந்த முகத்துக்காகத்தான் குறைந்திருக்கிறது என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். பிறகு அது பழகிப்போனது.

சொன்ன வாய்க்கு வினை வந்து சேர்ந்தது. காலேஜுக்குப் போகிற மகள் அதுவரை தண்ணீர் பிடித்து வைப்பாள், மாவு ஆட்டித் தருவாள். அம்மாவுக்குத்தான் சரியாகிவிட்டதே என்று அவள் மெல்லக் கழன்றுகொண்டாள். குடம் திரும்பவும் கலையரசியின் இடுப்புக்கு வந்தது. சுற்று சரியில்லை என்று கம்பெனியில் பீடியைக் கட்டுக்குக் கட்டு கழித்துப் போட்டார்கள். நனைந்த இலையின் ஈரமும் வேர்வையும் புகையிலைத் தூளும் காப்புக்கு அடியில் சேர்ந்து அரிக்க ஆரம்பித்தது. சொறியச் சொறியச் சிவந்து, தோல் வெடித்து, நீர் கசிந்தது. கடைசி விஷம் இறங்குகிறது, பொறுத்துக்கொள் என்றான் மகாராஜா. பொறுத்துக்கொண்டாள். பொறுத்துப் பொறுத்து அவளுக்கு அழக்கூடச் சோம்பலாக இருந்தது. மோதிர விரலும் சுண்டுவிரலும் வெளிப்பக்கமாகச் சாய ஆரம்பித்ததை யாரும் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள்.

இதற்குள் அவள் கை ஊருக்கெல்லாம் காட்சிப் பொருளாகிவிட்டது. முட்டிவலிக்காரர் யார் கிடைத்தாலும் மகாராஜா கூட்டிக்கொண்டு வந்துவிடுவான். அவளும் முந்தானையில் கையைத் துடைத்து நீட்டுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திசையன்விளையிலிருந்து மாரிக்கண்ணு வந்தாள். மகாராஜாவுக்குச் சித்தப்பா மகள், முருங்கைத் தோட்டத்தில் காய் பறிக்கப் போகிறவள். முப்பது வயதுதான் இருக்கும். அவளுக்கும் அதே வியாதி, அதே மாத்திரை, அதே குமட்டல். அண்ணன் போனில் சொன்னதைக் கேட்டு, காப்பு வாங்கி மாட்டிக்கொண்டு மாத்திரையை விட்டுவிடலாம் என்று புறப்பட்டு வந்திருந்தாள்.

மகாராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. கலையரசியின் கையைத் தூக்கிக் காட்டி, செம்பின் மகிமையை ஆதியோடந்தமாகச் சொன்னான். புண்ணைக் காட்டி, எவ்வளவு விஷம் இறங்கியிருக்கிறது பார் என்றான். பிறகு தங்கச்சிக்கென்று எடுத்து வைத்திருந்த புதுக் காப்பை எடுத்துவர உள் அறைக்குப் போனான்.

மாரிக்கண்ணு புண்ணைப் பார்க்கவில்லை. சாய்ந்திருந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நகர்ந்து வந்து, பைய கேட்டாள்.

“மதினி, வெக்கப்படாம சொல்லுங்க. காலைல எந்திரிச்சா ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியுதா?”

எத்தனை பேர் வந்து பார்த்துப் போனார்கள், இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்லை. வலி உள்ளவளுக்குத்தான் எங்கே தொட வேண்டும் என்று தெரிகிறது. கலையரசிக்கு வாய் வரைக்கும் வந்தது அந்தப் பழைய பதில். ஆனால் எதிரில் இருந்த கையிலும் முட்டிகள் வீங்கி இருந்தன. விரல்கள் மட்டும் இன்னும் நேராக இருந்தன. அந்தக் கையிடம் பொய் சொல்ல அவளால் ஆகவில்லை.

“முடியலம்மா. மாட்டி எத்தனையோ நாளாச்சி. முந்தானைய இறுக்கிச் சுத்திக்கிட்டு திரியுதேன். இப்பவும் மாட்டாமத்தான் இருக்கேன்.”

சொல்லிவிட்டு நிமிர்ந்தால், அறை வாசலில் மகாராஜா காப்பும் கையுமாக நின்றான். முகம் செத்துப் போயிருந்தது. தங்கச்சி இருக்கிறாள் என்பதைக்கூட மறந்துவிட்டான்.

“ஏட்டி, நான் தெனமும் கேட்டேம்லா?”

“குறஞ்சிருக்கான்னு கேட்டீய. அம்புட்டு ஆசையா கேட்டீய. இல்லன்னு சொல்ல எனக்கு மனசு வரல.”

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்படத் தெம்பு வேண்டும். மாரிக்கண்ணுதான் எழுந்து, வாங்க மதினி என்று அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முந்தானையை விலக்கி, தானே மாட்டிவிடப் பார்த்தாள். அவள் விரலுக்கும் கொக்கி பிடிபடவில்லை. நழுவி நழுவிப் போயிற்று. நாலு கை சேர்ந்தும் ஒரு கொக்கியை மாட்ட முடியவில்லையே என்று நினைத்தபோது கலையரசிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் அழுதுவிட்டாள். இத்தனை மாதம் வராத அழுகை.

பிறகு அவளே குரல் கொடுத்துப் புருஷனை உள்ளே கூப்பிட்டாள். மாரிக்கண்ணு வெளியே போய்விட்டாள். மகாராஜா ஒவ்வொரு கொக்கியாக மாட்டினான். மாட்டி முடித்து, காப்பைப் பிரித்துக் கழற்றினான். அப்புறம் அவள் சுண்டுவிரலைப் பிடித்து, குழந்தை விரலைப் பிடிக்கிற மாதிரி, மெல்ல நிமிர்த்திப் பார்த்தான். வரவில்லை.

“இத நிமித்த முடியாதா?”

“இந்த ரெண்டும் இனி நிமிராது. நாளைக்கு என்னய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. மத்ததயாவது காப்பாத்தணும்.”

அவன் சரியென்று தலையை ஆட்டினான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, வாசல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த தங்கச்சியிடம் சொன்னான்.

“மாரி, நீ மாத்திரைய விட்டுராத. ஒங்க மதினி விரல வாதம் வளைக்கல. நாந்தான் வளச்சிட்டேன்.”