பதினான்கு எழுத்து

1998இல் மைசூரு சரஸ்வதிபுரத்தில் ஒரு மாடியில், லண்டன் பதிப்பகம் ஒன்றுக்காக மருத்துவ இதழ்களைப் பிடிஎஃப் ஆக்கித் தரும் அலுவலகம் இருந்தது. கோப்புகள் விதிப்படி அமைந்திருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்திடுவது ஜேனின் வேலை. மேனேஜர் சுஹாஸுக்கு அது வெட்டி வேலையாகப் பட்டது. ஜேனுக்கோ சுஹாஸே அப்படித்தான் பட்டார். விதிமுறைப் புத்தகத்தை அவர் தொட்டது ஒரே முறை. ஃபேன் காற்றில் பறந்த காகிதத்தின் மேல் வைப்பதற்காக.

அந்த வாரம் நாற்பது கோப்புகள். திங்களன்று சரியாக இருந்தவை, புதனன்று அனுப்புமுன் பார்த்தபோது நாற்பதும் தேறவில்லை. திறந்ததும், 'கோப்பு பழுதாகியுள்ளது, சரிசெய்யப்படுகிறது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மின்னி மறைந்தது.

"திறக்குது அல்வா? ப்ரிண்ட்டும் வருது. அஷ்டே, அனுப்பிடுங்க ஜேன்," என்றார் சுஹாஸ். அவர் தமிழில் கன்னடம் கலந்தே வரும்; அல்வா என்றால் 'அல்லவா', அஷ்டே என்றால் 'அவ்வளவுதான்'.

"நம்ம மெஷின் ஏதோ சமாளிச்சுத் திறக்குது சார். அவங்க ப்ரெஸ்ல இது ஓடாது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"சும்னே, சும்மா பெரிசு பண்றீங்க," என்று அவரே கையெழுத்திட்டு அனுப்பினார்.

வெள்ளியன்று ஃபேக்ஸ் வந்தது. நாற்பதையும் நிராகரித்துவிட்டார்கள். முதலாளி ராஜலக்ஷ்மி இருவரையும் கூப்பிட்டார்.

"ஃபோன் லைன் சரியில்ல மேடம், அனுப்பறப்ப கெட்டிருக்கும்," என்றார் சுஹாஸ், கூசாமல்.

ஜேன் அவரைப் பார்க்கக்கூட இல்லை. ஒரு கோப்பை வெறும் எழுத்தாகத் திறந்து காட்டினாள். கோப்பின் ஒவ்வொரு பகுதியும் எத்தனையாவது எழுத்தில் தொடங்குகிறது என்று சொல்லும் அட்டவணை கடைசியில் இருக்கும். அது சொன்ன இடத்தில் எதுவும் இல்லை. எல்லாம் பதினான்கு எழுத்து தள்ளிப் போயிருந்தன. மேலே, 'தயாரித்தவர்' என்று காலியாக இருந்த இடத்தில் யாரோ ஆங்கிலத்தில் தட்டியிருந்தார்கள்: சுஹாஸ், மேனேஜர். காற்புள்ளியும் இடைவெளியும் சேர்த்துப் பதினான்கு.

ராஜலக்ஷ்மி கண்ணாடியைக் கழற்றினார். "இதென்ன சுஹாஸ், கல்வெட்டா?"

அப்போதும் அந்த மனிதர் அடங்கவில்லை. "அட்டவணை நம்பர்ல பதினாலு கூட்டிட்டா, பேரு இருக்கலாம் அல்வா?"

இத்தனை வருஷத்தில் விதிமுறை பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. ஜேனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"தாராளமா. ஒரு ஃபைலுக்கு முந்நூறு நம்பர் சார். உக்காந்து கூட்டுங்க."

அவர் உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பிலும் தன் பெயரை அழிக்கத் தொடங்கினார். மூன்றாவது கோப்பில் ஓர் எழுத்தைக் கூடுதலாக அழித்துவிட்டு, "ஆயித்து," என்று நிமிர்ந்தார்.

ஜேன் சோதித்தாள். "தப்பு. மறுபடி," என்றாள்.