தை வீதிக்கு ஆறு குழாய்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் சொன்னவன் நான்தான்.

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த சம்பந்திக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன். கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதையும் சுற்றி மாசி வீதி என்று கையால் வட்டம் போட்டேன். அவர் நிதானமாக, "அப்போ தை வீதி எங்கே இருக்கு?" என்று கேட்டார். அப்படி ஒன்று கிடையாது. ஆனால் தன் ஊரில் ஒரு வீதி இல்லை என்று சொல்ல எந்த மதுரைக்காரனுக்கு வாய் வரும்? "அது கொஞ்சம் தள்ளிப் போகணும்" என்றேன்.

அவர் போனபின் வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை வேறு யார் தலையிலாவது கட்டலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

2

"வைகறைப் பொழுதில், வைகைக் கரையில், நல்லகாமன் என்னும் வாலிபன்..."

[அடித்துவிட்டேன். மதுரைக் கதையை வைகையில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? அவன் குடியிருப்பது தெற்கே, பழங்காநத்தம் போகிற வழியில். ஆற்றைப் பார்த்தே மாசக் கணக்காகிறது.]

மறுபடியும். 1936-இல், ஊர்ப் படங்களுக்கு நகல் எடுக்கும் ஓர் ஆபீசில்* நல்லகாமன் வேலை பார்த்தான். பழைய படத்தின்மேல் மெல்லிய மெழுகுத் துணியை விரித்து, அடியில் தெரிகிற கோடுகளை எல்லாம் மையால் இழுக்க வேண்டும். அந்த வேலைக்கு ஒரே விதிதான்: கண் பார்க்கணும், கை இழுக்கணும், மண்டை சும்மா கிடக்கணும்.

மற்ற இரண்டும் அவனுக்குப் படிந்துவிட்டன. மண்டைதான் சொன்னபடி கேட்கவில்லை.

(* எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். நாற்காலி, மேசை, மூட்டைப்பூச்சி. எல்லா ஊரிலும் அதேதான்.)

3

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அவன் அந்தப் பழைய படத்தின்மேலேயே பென்சிலால் ஊரைத் திருத்துவான். யார் வீட்டுத் தாழ்வாரத்தையும் இடிக்காமல் தேர் திரும்புகிற அளவுக்கு அகலமான முக்குகள். மாமனார்கள் உட்கார்ந்து மருமகன்களைத் திட்ட மரத்தடியில் கல்பெஞ்சுகள். அரசியல்வாதிகள் கூட்டம் போட ஒரு தனிப் பொட்டல்; காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் சத்தம் வீடுகளுக்கு வராதபடி ஊரிலிருந்து மூன்று மைல் தள்ளி.

முதலில் இவனை ஒரு கோமாளியாகத்தான் எழுதினேன். நாலு பேர் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று. ஆனால் படத்தைப் பார்க்கப் பார்க்கச் சந்தேகம் வந்தது. தன் குடிசை இருக்கும் பொட்டலின் குறுக்கே அவன் தை வீதி என்று ஒன்றை வரைந்திருந்தான். அவனுக்குக் கல்யாணம் ஆனது தை மாதம். அந்த வீதியில் ஆறு இடத்தில் தண்ணீர்க் குழாய் போட்டிருந்தான். விளையாட்டுக்கு வரைகிறவன் ஒன்றோ இரண்டோ போடுவான். ஆறு போட மாட்டான்.

போன வருஷம் அவன் மனைவி ஒச்சாயி, அரை மைல் தள்ளியிருக்கிற கிணற்றுப் படியில் குடத்தோடு வழுக்கி விழுந்தாள். வயிற்றில் இருந்த பிள்ளை தங்கவில்லை. இப்போது மறுபடி ஐந்து மாதம். கிணறு அதே அரை மைலில்தான் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டபின் அவனைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை அவன் துணியை விரித்தான். கண் பார்த்தது, கை இழுத்தது. மண்டை அன்றைக்கென்று விதிப்படி சும்மா கிடந்தது. பென்சிலில் போட்டிருந்த தை வீதியையும் குழாய்களையும் சேர்த்து மையால் இழுத்து, மடித்துக் கொடுத்துவிட்டான்.

4

படம் வட்டார மெம்பர் சின்னச்சாமியிடம் போனது. அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். தன் வட்டாரத்திலேயே தனக்குத் தெரியாத வீதியா? அதை வெளியே சொன்னால் மானம் என்னாவது?

"தை வீதிதானே? நான் தெனம் நடக்குற வீதில்ல!" என்றார்.

எதிர்க்கட்சி மொக்கையன் விடுவாரா? "நீ நடந்தவன்தான். நான் பொறந்ததே தை வீதியிலதாண்டா!" என்றார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? "தை பொறந்தா வழி பொறக்கும்பாக. படத்துல ஆறு குழாய் இருக்கு, தை வீதியில தண்ணி பொறக்கலையே, அடுக்குமா?" என்று சின்னச்சாமி மேடையில் அழுதார். மொக்கையன் அதைவிட ஒரு சொட்டு அதிகமாக அழுதார். இரண்டு கட்சியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். ஒரே உட்காரலில் ஆறு குழாய்க்கும் உத்தரவு மஞ்சூராகிவிட்டது.

5

குழாய்க்கு இடம் குறிக்க வெள்ளிக்கிழமை காலை ஓவர்சியர் வருகிறார் என்ற செய்தி நல்லகாமனுக்குக் கிடைத்தது. வீட்டுக்கு எப்படி வந்தான் என்று அவனுக்கே தெரியாது.

"ஏ புள்ள, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"கஞ்சியக் குடிச்சிட்டுச் சொல்லு."

சொன்னான். முழுக்கக் கேட்டுவிட்டு ஒச்சாயி ஒன்றுதான் கேட்டாள்.

"நம்ம வாசலுக்கு ஒரு குழாய் போட்டியாய்யா?"

"எதுத்தாப்புலயே போட்டிருக்கேன்."

[என் மனைவி இந்த இடத்தைப் படித்துவிட்டு, "வயித்துப்பிள்ளைக்காரி எம்புட்டு நேரம் நிப்பா? உக்கார வைங்க" என்றாள். ஒச்சாயி உட்கார்ந்தாள்.]

"உண்மையச் சொன்னா?" என்று கேட்டாள்.

"வேலையும் போகும், குழாயும் போகும்."

"அப்பச் சொல்லாத. வீதிதானே வேணும்? வெள்ளிக்கெழம வீதி இருக்கும், போ."

6

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் பொட்டலில் இறங்கினார்கள். முள்ளை வெட்டி, பெருக்கி, சாணி தெளித்து, இரண்டு வரிசையாகக் கோலம் போட்டார்கள். இருக்கிற நாலைந்து குடிசையைத் தவிர வாசல் இல்லை, வீடு இல்லை. ஆனால் வீட்டுக்கு ஒன்றாக நாற்பது கோலம். அடுத்த குடிசை நைனா முகமது, ஜட்கா வண்டியை அந்த நடுவில் மேலும் கீழும் விரட்டி, "ஓரம் போங்க, ஓரம் போங்க!" என்று வெறும் காற்றை அதட்டினார். "அண்ணே, கொஞ்சம் மெதுவா, கோலம் அழியுது" என்று ஒச்சாயி கத்தினாள்.

ஓவர்சியர் குடையை மடக்கிக்கொண்டு பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"வீதி சரி. வீடெல்லாம் எங்கம்மா?"

"வீடு வருமுங்கய்யா," என்றாள் ஒச்சாயி. "வீதிதான் கொஞ்சம் முந்திக்கிருச்சு."

7

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஓவர்சியர் மனமிரங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு... [எந்த ஓவர்சியர்?]

நல்லகாமன் ஓடிவந்து உண்மையைச் சொல்லி வேலையை இழந்து... [அன்றைக்கு என் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்கவில்லை.]

குழாயில் தண்ணீர் வந்தது. [மூன்றே வார்த்தை. என்னால் எழுத முடியும். இல்லாத வீதிக்குக் கோடு இழுத்த நல்லகாமனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவனாவது பெண்டாட்டிக்காக இழுத்தான்.]

ஆகவே நடந்தவரைக்கும் சொல்கிறேன். ஓவர்சியர் ஒரு தாளை நீட்டினார். "இங்க நிக்கிறவுக எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் வேண்டப்பட்டவுக. இதுதான் தை வீதின்னு வெளியாள் ஒருத்தர் கையெழுத்துப் போடணும்" என்று சுற்றிலும் பார்த்தார்.

வெளியாள் என்று அங்கே இருப்பது நீங்கள் ஒருவர்தான். இவ்வளவு நேரம் கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்தவர். பேனாவை உங்களிடம்தான் நீட்டுகிறார்.

"சொல்லுங்க, இது தை வீதிதானா?"

கோல வரிசையின் கடைசியில் நிற்கும் நல்லகாமன் தலை நிமிரவில்லை. ஒச்சாயி காலிக் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு உங்களையே பார்க்கிறாள். வெயில் ஏறுகிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.